பியர், பியத்: ஹௌசாவில் எது "சரியான" ஐந்து?

செங்காந்தள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கணவரின் வேலைக்காக நைஜீரியாவின் கானோ நகரத்துக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. கடைக்குப் போக, அக்கம்பக்கம் பேச என்று ஹௌசா கற்க ஆரம்பித்தேன். இப்போது அந்த மொழிமேல் ஆசையே வந்துவிட்டது.

எனக்குச் சொல்லித் தரும் ஆசிரியை கானோவிலேயே பிறந்து வளர்ந்தவர். மேல்மாடியில் குடியிருக்கும் பாட்டி சொக்கோட்டோக்காரர். தினமும் சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து பேசுவேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை வேறு வேறு மாதிரி சொல்கிறார்கள்.

"போனான்" என்பதற்கு ஆசிரியை *யா தஃபி* என்கிறார், பாட்டி *யா தஹி* என்கிறார்.
ஐந்து: *பியர்*, பாட்டிக்கு *பியத்*.
உட்கார்: *ஸௌனா*, பாட்டிக்கு *ஸம்னா*.
வந்துகொண்டிருக்கிறான்: *யனா ஸுவா*, பாட்டிக்கு *ஷினா ஸுவா*.

பாட்டி சொன்னதை வகுப்பில் சொன்னால், "அது நாட்டுப்புறப் பேச்சு, தொற்றிக்கொள்ளப் போகிறது" என்று ஆசிரியை திருத்துகிறார். பாட்டி சொல்வது உண்மையிலேயே சிதைந்த ஹௌசாவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தறிமேடு எழுதியது:

அம்மா, நான் கதூனாவில் ஜவுளி மில்லில் பதினொரு வருஷம் இருந்தவன். எங்கள் ஷெட்டில் எல்லா ஊர் ஆட்களும் உண்டு. சொக்கோட்டோ, ஸாம்ஃபரா பக்கத்து ஆட்கள் *தஹி, ஹிதா* என்று "ஹ" போட்டுப் பேசுவார்கள். கானோ, ஸாரியா ஆட்கள் *தஃபி, ஃபிதா* என்பார்கள். *ஃபிதா* என்றால் வெளியே போ. ஒருவர் பேசி இன்னொருவருக்குப் புரியாமல் போனதை நான் பார்த்ததே இல்லை. சிதைவு என்று யாரும் சொன்னதும் இல்லை. காரணமெல்லாம் எனக்குத் தெரியாது. ஒலியன் தம்பி வரட்டும்.

---

ஒலியன் எழுதியது:

வந்துவிட்டேன் ஐயா. அக்கா, நீங்கள் கொடுத்த நான்கு உதாரணங்களுக்குள் ஹௌசாவின் பாதி ஒலி வரலாறே இருக்கிறது.

முதலில் ஒரு எழுத்து ஏற்பாடு. தமிழில் ஹௌசாவை எழுதும்போது, இடையில் வரும் க, த-வை வல்லோசையாகவே வாசியுங்கள்; ப எங்கே வந்தாலும் 'பஸ்'ஸில் வரும் ப. அவர்கள் கொக்கி போட்டு எழுதும் எழுத்துகளுக்கு முன்னால் ' என்று ஒரு குறி இடுகிறேன்.

ஹௌசா சாடிக் மொழிகளில் ஒன்று. 150-க்கும் மேற்பட்ட மொழிகள் கொண்ட அந்தக் குடும்பத்தில் ஆகப் பெரியதும் இதுதான். அரபு, பண்டை எகிப்தியம், பெர்பர் எல்லாம் தூரத்து உறவு. வடக்கு நைஜீரியாவிலும் நைஜர் நாட்டின் தெற்கிலும் தாய்மொழி. பேச்சு வழக்குகளை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். கானோ, ஹதேஜியா, பௌச்சி எல்லாம் கிழக்கு. சொக்கோட்டோ, கெப்பி, கோபிர், நைஜரின் அதர் பகுதி எல்லாம் மேற்கு. கட்சினா நடுவில், இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம்.

இப்போது *ஸௌனா / ஸம்னா*. இதில் பழைய உருவம் பாட்டியுடையதுதான்.

1920-களின் கடைசியில் ஔகுஸ்ட் கிளிங்கன்ஹேபன் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு விதியைக் கண்டார். இன்றும் அவர் பெயரால்தான் அதைச் சொல்கிறார்கள். அசையின் கடைசியில் நிற்கும் மெய் ஹௌசாவில் தளர்ந்துபோகிறது. க இனம் உகரமாகக் கரைகிறது. ம, ப போன்ற உதட்டு ஒலிகளும் உகரமாகின்றன. த, ச போன்ற நுனிநா ஒலிகள் ரகரமாகின்றன.

இதற்குச் சாட்சி கானோப் பேச்சுக்குள்ளேயே கிடைக்கும். காட்டெருமை *'பௌனா*, பன்மையில் *'பகானே*. ஒருமையில் காணாமல் போன ககரம் பன்மையில் தலை காட்டுகிறது! ஒருமையில் அது அசைக் கடைசியில் நின்றதால் கரைந்தது. பன்மையில் பின்னால் உயிர் இருப்பதால் பிழைத்தது. ஊர் ஊராகப் போகும் வியாபாரி *ஃபர்கே*, பன்மை *ஃபதாகே*. இங்கே தகரம் ரகரமானது. *தலகா* என்றால் சாமானியன், *தலௌச்சி* என்றால் வறுமை.

உதட்டு ஒலிகள் உகரமாகும் மாற்றம் கிழக்கில் நடந்தது, மேற்கே போய்ச் சேரவில்லை. அதனால் கானோவில் *ஸௌனா*, சொக்கோட்டோவில் *ஸம்னா*. இறங்கு என்பதற்குக் கானோவில் *சௌகா*, மேற்கில் *சப்கா* (இந்த ப 'பஸ்'ஸில் வரும் ப). *பியத்* சொல்லின் கடைசித் தகரமும் அப்படி நின்றதுதான். கானோ அதை *பியர்* ஆக்கிவிட்டது.

ஆக, "சிதைந்தது" என்று ஒன்றைச் சொல்லித்தான் தீரவேண்டும் என்றால் அது கானோவின் *ஸௌனா*. நான் அப்படிச் சொல்லமாட்டேன். மாறியது, அவ்வளவுதான்.

---

செங்காந்தள் எழுதியது:

படித்து முடித்ததும் மாடிக்கு ஓடி, இறங்கு என்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று பாட்டியைக் கேட்டேன். *சப்கா*! நீங்கள் எழுதியபடியே. மகளைக் கானோவில் *'யா* என்கிறார்கள், பாட்டி *'டியா* என்கிறார். இதுவும் பழசுதானா?

---

ஒலியன் எழுதியது:

ஆமாம் அக்கா, அருமையான பிடி. *'டியா* தான் மூலம். டகரமும் இகரமும் யகரமும் நெருங்கி ஒன்றாகிக் கானோவில் *'யா* ஆனது. தொண்டையை ஒரு கணம் அடைத்து விடும் அந்த யகரம் ஹௌசாவில் மிகக் குறைவான சொற்களில்தான் வரும், அதற்குக் காரணமும் இதுதான். பிள்ளைகள் என்பதற்கு *'யா'யா*. அடைப்பை விட்டுவிட்டு *யாயா* என்றால் "எப்படி" என்று பொருள் மாறிவிடும்.

---

தராசு எழுதியது:

எல்லாம் நல்ல தகவல். ஆனால் செங்காந்தளுக்கு நடைமுறையில் என்ன பயன் என்று யோசிக்க வேண்டும். பாடநூல் கானோ வழக்கில் இருக்கிறது. பிபிசி ஹௌசா சேவை 1957-இல் தொடங்கியதிலிருந்து வானொலி கேட்பவர் எல்லோருக்கும் பழகியது அந்தத் தர வழக்குதான். திரைப்படத் தொழிலும் கானோவில். கற்பவர் ஒரு தரத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இரண்டையும் கலந்தால் எதுவும் உருப்படியாக வராது. ஆசிரியை திருத்துவது சரியே. மேற்கு வழக்கு பழையது என்பதாலேயே அது மேலானது ஆகிவிடாது.

---

ஒலியன் எழுதியது:

தராசு சார், கடைசி வரியை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். மேற்கு எல்லாவற்றிலும் பழசும் இல்லை. *தஃபி / தஹி* எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மாறியது மேற்கு. ஃப ஒலி அங்கே ஹ ஆகிவிட்டது. ஆ வரும் இடத்தில் உதடு குவிந்து *ஹ்வ* ஆகும்: கானோவில் விழு என்பது *ஃபா'டி*, சொக்கோட்டோவில் *ஹ்வா'டி*. நம் பக்கத்திலும் இதற்கு இணை உண்டு. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பகரம் தளர்ந்து காற்றொலியாகி ஹகரத்தில் முடிகிற பாதை உலகத்தில் பல மொழிகள் நடந்த பாதை.

ஆனால் "தரம்" எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1804-இல் உஸ்மான் டான் ஃபோடியோ என்ற இஸ்லாமிய அறிஞர் தொடங்கிய ஜிகாத்துக்குப் பிறகு சொக்கோட்டோதான் அந்த நிலப்பரப்பின் தலைமை. அவருடைய மகள் நானா அஸ்மாவு (1793–1864) அரபு, ஃபுல்ஃபுல்டே, ஹௌசா மூன்றிலும் பாடல்கள் எழுதினார். ஹௌசாப் பாடல்கள் அஜமி என்ற அரபு எழுத்தில் கைப்பிரதிகளாகப் பரவின. 19-ஆம் நூற்றாண்டில் படித்தவர்களின் ஹௌசா என்றால் மேற்கு வழக்கின் வாடை அடிக்கும் ஹௌசா. பிரிட்டிஷார் வந்த பிறகுதான் கை மாறியது. 1912-இல் ஹான்ஸ் ஃபிஷர் லத்தீன் எழுத்துக்கு எழுத்துவிதி வகுத்தார். பெரிய சந்தையும் மக்கள்தொகையும் கானோவில் இருந்ததால் அச்சு அதன் பேச்சைப் பிடித்துக்கொண்டது. ஆசிரியை *ஸௌனா* சொல்லித் தரட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. *ஸம்னா*வைத் தொற்றுநோய் மாதிரிப் பேசுவதைத்தான் ஏற்க முடியவில்லை. அது அஸ்மாவுவின் ஊர்ப்பேச்சு.

---

வடக்குவாசல் எழுதியது:

நான் நைஜர் நாட்டில் மராடியில் மூன்று வருடம் வேலை பார்த்தவன். இழையில் நைஜீரியா மட்டுமே பேசப்படுவதால் எழுதுகிறேன்.

மராடிக்கும் நைஜீரியாவின் கட்சினாவுக்கும் நடுவில் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரர்களும் கிழித்த எல்லை ஓடுகிறது. பேச்சு அந்தக் கோட்டை மதிப்பதில்லை. ஜிகாத்தில் தோற்ற கட்சினா அரச குடும்பத்தினர் வடக்கே ஓடி அமர்ந்த இடம்தான் மராடி. அதே போல கோபிர் அரசர்கள் அருகே திபிரியில். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அங்குள்ள பெரியவர்களைக் கேட்டால் வம்சாவளியையே சொல்வார்கள்.

எல்லை மாற்றியது இரவல் சொற்களைத்தான். நைஜீரியாவில் பள்ளிக்கூடம் *மகரந்தா*. மராடியில் அதுவும் உண்டு, பிரெஞ்சிலிருந்து வந்த *லக்க்வால்* என்பதும் உண்டு. எழுத்திலும் ஒரு வித்தியாசம்: செங்காந்தள் சொன்ன *'யா*வின் முதல் ஒலிக்கு நைஜரில் கொக்கி போட்ட ஒரே எழுத்து, நைஜீரியாவில் மேற்கோள் குறியும் சாதா எழுத்தும்.

---

நாஞ்சில்காரன் எழுதியது:

ஒரு கேள்வி. ஹௌசாவில் இரண்டு ரகரம் உண்டு என்று எங்கோ படித்தேன். எங்கள் ஊரில் ர, ற இரண்டையும் இன்றும் பிரித்துத்தான் சொல்வோம். அது மாதிரியா?

---

ஒலியன் எழுதியது:

மாதிரிதான், ஆனால் ஒலிகள் அப்படியே பொருந்தாது. ஒன்று நாக்கு நுனி துடிக்கும் ரகரம். இன்னொன்று நாக்கை மேலண்ணம் பக்கம் மடித்து ஒரு தட்டுத் தட்டுவது, காதுக்கு ளகரத்தின் நிழல்கூடத் தெரியும். *பரா* என்பதை ஒரு ரகரத்தில் சொன்னால் பிச்சை, மற்றதில் சொன்னால் வேலைக்காரன். நான் மேலே சொன்ன விதிப்படி தகரம் தேய்ந்து வந்த ரகரமும், அரபு, ஆங்கில இரவலில் வரும் ரகரமும் பெரும்பாலும் துடிக்கும் வகை.

ஆனால் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. தமிழில் எழுத்து இரண்டாக இருந்தும் பெரும்பாலோர் நாக்கில் ஒன்றாகிவிட்டது. அங்கே நாக்கில் இரண்டு, எழுத்தில் ஒன்று.

---

செங்காந்தள் எழுதியது:

இதைத்தான் கேட்க நினைத்தேன். எழுத்தை நம்பிப் படித்தால் தடுக்கி விழுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் கைபேசியில் கொக்கி இல்லாமலேயே செய்தி அனுப்புகிறாள். "பகி" வந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். அகராதியில் பார்த்தால் அது வாய்! அப்புறம்தான் விருந்தாளிகள் என்று தெரிந்தது.

---

ஒலியன் எழுதியது:

மூன்று சொல் அக்கா. *பாகீ* வாய். *ப'கீ* இரண்டு அசையும் உயர்த்திச் சொன்னால் கறுப்பு. அதே *ப'கீ*யை முதல் அசை தாழ்த்திச் சொன்னால் விருந்தாளிகள். கொக்கி போட்ட ககரம் தொண்டையை மூடி வைத்துக்கொண்டு வெடிக்கும் ஒலி. கொக்கி போட்ட ப, ட வேறு வகை: குரல்வளையைக் கீழே இறக்கிக் காற்றை உள்ளுக்கு இழுக்கிற மாதிரி வரும். இந்தியாவில் சிந்தி பேசுகிறவர்கள் வாயில் இதைக் கேட்கலாம். ஹௌசாவைச் சந்தைமொழியாக மட்டும் பேசுகிற வெளியூர்க்காரர்கள் இந்த ஒலிகளைச் சாதாரண ப, ட, க-வாக்கி விடுவார்கள். ஹௌசாக்காரர் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

அச்செழுத்து முழுசாக மறைப்பவை இரண்டு: குறில் நெடில், சுரம் (அசைக்கு அசை குரல் ஏறி இறங்குவது). ஐந்து உயிர், ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும், கூடவே ஐ, ஔ. நம் ஆட்களுக்கு இது தண்ணீர் பட்டபாடு. ஆனால் அச்சில் காட்டுவதில்லை. *ஃபசா* என்றால் உடை, *ஃபாசா* என்றால் தள்ளிப்போடு. இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டல். பழைய அஜமி எழுத்தில் நெடிலுக்குத் தனிக் குறி இருந்தது! லத்தீன் எழுத்து வந்தபோது கொக்கிகள் கிடைத்தன, நெடில் பறிபோனது. எனக்கு இது இன்றும் ஆறாத வருத்தம்.

சுரம் மூன்று: உயர்வு, தாழ்வு, உயர்ந்து விழுவது. விழும் சுரம் நீண்ட அசையில்தான் வரும். தாழ்ந்து எழுவது கிடையாது. இதன் வேலையைப் பார்க்க "யா தஃபி"யைப் பாருங்கள். அச்சில் நான்கும் ஒன்றே:

நெடில், உயர்வு: போனான் (செய்தி அவ்வளவே).
குறில், உயர்வு: கதை சொல்லும்போதும், "யார் போனது? அவன்தான் போனான்" என்று அழுத்தும்போதும்.
நெடில், விழுவது: போவான் போலிருக்கிறது.
குறில், தாழ்வு: போகட்டும், போக வேண்டும்.

நம் மொழியில் விகுதி செய்கிற வேலையை அங்கே தொண்டை செய்கிறது. அகராதியில் சுரத்தைப் பார்க்க வேண்டுமானால் ஜி. பி. பார்ஜரி 1934-இல் வெளியிட்ட அகராதி இன்றும் உதவும். ஆர். சி. ஏப்ரஹாமின் அகராதி (1949) குறில் நெடிலையும் தெளிவாகக் காட்டும்.

---

தராசு எழுதியது:

இந்த நான்கு *யா* விஷயம் எனக்குத் தெரியாது. எழுத்தில் காட்டாமல் நாளிதழை எப்படி வாசிக்கிறார்கள்?

---

தறிமேடு எழுதியது:

சார், வாக்கியம் தானாகச் சொல்லிவிடும். *காஸ்கியா தா ஃபி க்வாபோ* என்ற ஹௌசாப் பத்திரிகை 1939-இல் தொடங்கியது. மில் கேன்டீனில் ஒருவர் சத்தமாக வாசிப்பார், பத்துப் பேர் கேட்போம். ஒரு தடவைகூட நின்று யோசித்து வாசித்து நான் பார்த்ததில்லை. நான் வாசித்தால்தான் சிரிப்பார்கள், ஏனென்றால் என் குரல் ஒரே மட்டத்தில் போகும். ஃபோர்மேன் ஒருவர் என் தோளைத் தட்டி, ஒவ்வொரு வாக்கியத்தையும் பாட்டு மாதிரி மறுபடி சொல்லிக் காட்டுவார். அவருக்கு நான் பட்ட கடன் பெரிது.

இன்னொன்று. அவர்களிடம் நம் 'பால்' சொல்லில் வரும் பகரம் தனி ஒலியாகக் கிடையாது. ஆங்கிலத்தில் பம்ப் என்பதை *ஃபம்ஃபோ* என்பார்கள், பென்சில் *ஃபென்சிர்*, பாசஞ்சர் *ஃபசிஞ்சா*. நாம் ஃப வராமல் காப்பி என்றோம், அவர்கள் ப வராமல் ஃபம்ஃபோ என்றார்கள்.

---

மத்தளம் எழுதியது:

தாள வாத்தியக்காரன், மொழி தெரியாது. ஆனால் ஹௌசாக்காரர்களின் *கலங்கு* என்ற வாத்தியத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நம் உடுக்கை மாதிரி இடை சுருங்கியது. அக்குளில் இடுக்கி நாண்களை அழுத்த அழுத்தச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். வளைந்த கோலால் அடிப்பார்கள். பெரிய மனிதர் ஒருவர் கூட்டத்துக்குள் வந்தால் அவருக்கு உரிய புகழ்வரியைக் கொட்டிலேயே வாசிப்பார்கள், அதற்கு *தாகே* என்று பெயர். வாயே திறக்காமல் யாரைப் புகழ்கிறார்கள் என்று கூட்டத்துக்குத் தெரிகிறது! எப்படி என்று அன்று புரியவில்லை. ஒலியன் சொன்ன சுரமும் குறில் நெடிலும்தான் அங்கே பேசியிருக்கிறது. மெய்யெழுத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அதுதானே. கட்சினா பக்கத்து மம்மன் ஷாடாவின் (1923–1999) பாடல்களைத் தேடிக் கேளுங்கள், கலங்குக் குழுவோடு பாடியவர்.

---

ஒலியன் எழுதியது:

மத்தளம் சார், நீங்கள் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். ஹௌசாவில் சுரம் படிப்படியாகக் கீழே இறங்கும். உயர்வு, தாழ்வு, உயர்வு என்று வந்தால் இரண்டாவது உயர்வு முதல் உயர்வின் அளவுக்கு ஏறாது. நீண்ட வாக்கியத்தின் கடைசியில் வரும் "உயர்வு" ஆரம்பத்தில் வந்த "தாழ்வை"விடக் கீழேகூட இருக்கலாம். கேள்வி கேட்கும்போது இந்த இறக்கம் தடைபடும். ஆகவே செங்காந்தள் அக்கா, சுரத்தை ஸரிகம மாதிரி நிலையான ஸ்தானமாகத் தேடாதீர்கள். பக்கத்து அசையோடு ஒப்பிட்டு மட்டும் கேளுங்கள்.

---

வடக்குவாசல் எழுதியது:

மற்ற சாடிக் மொழிகளிலும் இப்படித்தானா?

---

ஒலியன் எழுதியது:

சுரம் பரவலாக உண்டு. ஒலிக்கூட்டம் வேறு. நாக்கின் ஓரத்தில் காற்றைச் சீறவிடும் ஒரு லகரம் மார்கி, ங்கிஸிம் போன்ற மொழிகளில் இருக்கிறது, ஹௌசா அதை இழந்துவிட்டது. ஹௌசாவில் காளை *சா*. மார்கியில் மாட்டுக்கான சொல் அந்தச் சீறும் லகரத்தில் தொடங்குகிறது. மூலம் ஒன்றே. அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், ஆசையாக எழுதுகிறேன்.

---

செங்காந்தள் எழுதியது:

நேற்று ஆசிரியை வந்த நேரத்தில் பாட்டியும் கீழே வந்திருந்தார். நான் நோட்டில் எழுதிவைத்த நான்கு *யா தஃபி*யையும் ஆசிரியையைச் சொல்லச் சொன்னேன். முதல் இரண்டின் வித்தியாசம் காதில் விழவில்லை. மூன்றாவது விழுந்தது, "போவான் போலிருக்கிறது" என்பதில் குரல் நிஜமாகவே சரிந்து இறங்குகிறது. பாட்டியும் சொல்லிக் காட்டினார், ஃப-வுக்கு ஹ போட்டு, அதே சரிவோடு. இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பத்துத் தடவை சொல்ல வைத்தார்கள்.

காட்டெருமைக்குப் பன்மை என்ன என்று கேட்டேன். ஆசிரியை *'பகானே* என்றார். ஒருமையில் ககரம் எங்கே போனது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதுவரை யோசித்ததே இல்லை என்றார். பிறகு *ஸம்னா*, *சப்கா* இரண்டையும் பாட்டியிடம் அவரே கேட்டு எழுதிக்கொண்டார். எனக்குப் பாடம் *ஸௌனா*வில்தான் தொடர்கிறது, தராசு சார் சொன்னபடி. பாட்டியோடு மாடியில் *ஸம்னா*.

---

ஒலியன் எழுதியது:

மனசு நிறைந்தது அக்கா. ஒரு உதவி: மென்மை என்பதற்குக் கானோவில் *தௌஷி*. பாட்டி *தப்ஷி* என்கிறாரா என்று கேட்டுச் சொல்ல முடியுமா? அவர் குரலில் பதிவு கிடைத்தால் இன்னும் நல்லது, அவர் சம்மதித்தால் மட்டும்.

---

செங்காந்தள் எழுதியது:

கேட்கிறேன் தம்பி. பேரன் கல்யாணத்துக்குச் சொக்கோட்டோ போயிருக்கிறார், வர இரண்டு வாரம் ஆகும்.